ரெண்டாம் வகையில் எட்டுப் பேர்

மணி பன்னெண்டே முக்கால். ஓ.பி. முடிஞ்சாச்சு, கடைசி ஆளும் சொட்டு மருந்துச் சீட்டோட போயாச்சு, எனக்கு நல்ல பசி, டிபன் பாக்ஸ்ல எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கு, அதைத் திறக்காம ஒரு பேப்பரை முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சம்மதப் படிவம். பலவேசம், வயசு நாப்பத்தொண்ணு, அரசு பஸ் கண்டக்டர், இடது காது, வியாழக்கிழமை ஆபரேஷன். எல்லாம் எழுதியாச்சு. ஒரே ஒரு கோடுதான் காலி. முகம் கோணிப்போக எவ்வளவு வாய்ப்புன்னு எழுத வேண்டிய கோடு. எங்க பெரிய டாக்டர் நெல்லையப்பன் சார் போட்ட சட்டம் அது. இந்த டிபார்ட்மென்ட்ல யாரும் நோயாளிகிட்ட 'பார்க்கலாம்', 'கடவுள் இருக்கார்'னு மழுப்பக் கூடாது, அட்டவணையைப் பார்த்து எண்ணைச் சொல்லணும், படிவத்துல எழுதணும். நல்ல சட்டம்தான். அட்டவணையும் நான் போட்டதுதான். ஆறு வருஷம், இருபத்தாறு நோயாளிகள், அஞ்சு வகை. ஆபரேஷன் தியேட்டர் சுவத்துல லேமினேஷன் பண்ணி ஒட்டியிருக்கு. 'ஜெபசீலியோட பஞ்சாங்கம்'னு சார் கிண்டல் பண்ணுவார், பண்ணிட்டு அதைப் பார்த்துத்தான் கத்தியே எடுப்பார். பலவேசம் ரெண்டாம் வகை. ரெண்டாம் வகையில எட்டுப் பேர், அதுல முகம் போனது பூஜ்யம். 'எட்டில் பூஜ்யம்'னு எழுதி, கையெழுத்து வாங்கிட்டு, சாப்பிடப் போக வேண்டியதுதானே ஜெபசீலி? போயேன். யாரு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா? கதவுக்கு வெளியே பெஞ்சுல அவரும் அவர் பொஞ்சாதி முப்பிடாதியும் காத்திருக்காங்க. முறுக்கு கடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

போன வாரம் அந்த அம்மா கேட்டா, 'இது புத்தா டாக்டர்?' புத்துநோய் இல்லம்மா, வெறும் தோல்னேன். 'தோலா? தோலுக்கா தலையைத் திறக்கப் போறீங்க?' கேள்வி நியாயம்தான். கையில கால்ல தோல் உரிஞ்சா குளிக்கும்போது தண்ணியோட போயிரும். அதே தோல் இடம் தப்பிக் காதுக்குள்ள வளர்ந்தா, உரிஞ்சது எங்க போகும்? அங்கேயே சேரும், உருண்டை பிடிக்கும், எலும்பை அரிக்கும். பதினஞ்சு வருஷம் காதுல சீழ் வந்துச்சு, பஞ்சை வச்சு அடைச்சுக்கிட்டு டிக்கெட் குடுத்தேன்னார் பலவேசம், ஏதோ செருப்புல ஆணி குத்துன மாதிரி. அது காதைத் தாண்டி உள்ளே பாறை எலும்புக்குள்ள போயிருச்சு. உடம்புலயே கெட்டியான எலும்பு, அதனாலதான் பாறைன்னு பேரு, அதையே இந்தத் தோல் சத்தமில்லாம தின்னுது. விட்டு வச்சா மூளைக்குப் போகும், போனா ஆள் தங்க மாட்டார். இன்னைக்கு நாளைக்கு இல்லை, ஆனா போகும். எடுக்கப் போனா நடுவுல உள்காது இருக்கு, அதை உரசிக்கிட்டு முகத்தை அசைக்கிற நரம்பு ஓடுது. சேமியா கனம்தான் இருக்கும். அதுல கை பட்டா பாதி மூஞ்சி தொங்கிரும். அதுக்குத்தான் வகை பிரிக்கிறது. ஒண்ணு, உள்காதுக்கு மேல. ரெண்டு, கீழே. மூணு, கீழே ஆரம்பிச்சு எலும்போட நுனி வரைக்கும். நாலு, உள்காதையே முழுங்கினது. அஞ்சு, நுனியில மட்டும். நாலாம் வகைன்னா முகத்துக்கு ஆபத்து, ரெண்டாம் வகைன்னா நரம்பு தப்பிச்சிரும். நோயாளிக்குக் காதைப் பத்திக் கவலை இல்லை. 'காது போனா போவுது டாக்டர், இன்னொண்ணு இருக்குல்லா. மூஞ்சி கோணிரப்பிடாது. விசிலை உதட்டுல கவ்வ முடியலைன்னா நான் என்னத்த கண்டக்டர்? டெப்போவுல உக்கார வச்சிருவாங்க, கேட் தொறந்து விடச் சொல்லி.' சார் சிரிச்சுக்கிட்டே அவர் முதுகுல தட்டினார். 'எட்டுப் பேருக்குப் பண்ணியிருக்கோம் பலவேசம், ஒருத்தருக்குக் கூடக் கோணலை. பூஜ்யம்.' அவர் சிரிக்கலை. 'பூஜ்யமா சார்?'னு மட்டும் கேட்டார்.

எழுத விடாம என்ன தடுக்குதுன்னா பலவேசத்தோட இந்த ஸ்கேன் பிலிம்தான். லைட் பெட்டியில அரைமணி நேரமா தொங்குது. உள்காதுக்குக் கீழே கறுப்பா ஒரு குழி, ஓரம் வழவழன்னு, அதுக்கு மேல் விளிம்புல ஒரு சின்ன மங்கல், இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்லை. இதை நான் எங்கேயோ பார்த்திருக்கேன். எங்கே? கல்யாண வீட்டுல ஒரு மூஞ்சியைப் பார்த்துட்டு யாரு யாருன்னு பந்தி முடியிற வரைக்கும் யோசிப்போமே, அப்படி. சரி, எல்லாக் காதும் ஒண்ணுபோலதான் இருக்கும், சாப்பிடு. டிபன் பாக்ஸ் மூடியைத் தொட்டேன். எலுமிச்சை வாசனை. எலுமிச்சை, மஞ்சள், மஞ்சள் சேலை. ஜவுளிக்கடை யூனிஃபார்ம் சேலை, மஞ்சள்ல சிவப்புக் கரை. ராஜகனி. கர்த்தாவே, ராஜகனி! மூணு வருஷம் முன்னால, சுரண்டைக்காரப் பொண்ணு, ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடுற வேலை, அப்ப இருபத்தாறு வயசு. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் 'சிரிம்மா'ன்னேன். வலது பக்கம் மட்டும் சிரிச்சா. இடது பக்கம் சும்மா இருந்துச்சு. அவளுக்குத் தெரியலை, முழுசாத்தான் சிரிச்சோம்னு நினைச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் மறந்துட்டேன்னு நினைச்சேன், மறக்கலை, மடிச்சு உள்ளே வச்சிருந்திருக்கேன். எழுந்து போய் பீரோவைத் திறந்து அவ பிலிமை எடுத்தேன். புஷ்பம் சிஸ்டர் எட்டிப் பார்த்து, 'மேடம், சாப்பிடாம எதைத் தேடுறீங்க? அந்தக் கண்டக்டர் கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருக்காரு'ன்னாங்க. 'இருக்கட்டும் சிஸ்டர்'னு வள்ளுன்னு விழுந்தேன், பாவம். ரெண்டு பிலிமையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினேன். அதே குழி. அதே ஓரம். அதே மங்கல். பேரை மறைச்சுட்டா எது யாருதுன்னு எனக்கே தெரியாது. ஆனா அட்டவணையில ராஜகனி நாலாம் வகை. பலவேசம் ரெண்டாம் வகை. எப்படி?

எப்படின்னு கேக்குற பார், கள்ளி. உனக்குத் தெரியாதா? பெரிய நோட்டை எடுத்தேன். எங்க வழக்கம் இது: ஆபரேஷனுக்கு முன்னால ஸ்கேனைப் பார்த்து வகையைப் பென்சில்ல எழுதுவோம், ஆபரேஷன் முடிஞ்சதும் உள்ளே பார்த்ததை வச்சுப் பேனாவுல உறுதி பண்ணுவோம். கண்ணால பார்த்ததுதானே உண்மை, படம் படம்தானே. அப்படித்தான் நினைச்சோம், யாருக்கும் அதுல சந்தேகமே வரலை. பதினாலாவது வரிசை, ராஜகனி, பேனாவுல நாலு. நோட்டை ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பார்த்தா அடியில அழிச்ச பென்சில் தடம். ரெண்டு. ரப்பர் போட்டது நான். அந்த நாள் எல்லாம் அப்படியே வருது. தியேட்டர்ல கை நரம்புல உரசிருச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் சார் மறுபடி தேடினார், மைக்ராஸ்கோப்ல இருந்து தலையை எடுத்து, 'தோல் ஒரு நாக்கு மாதிரி மேல ஏறியிருக்கு பாரும்மா. இது ரெண்டு இல்லை, நாலு'ன்னார். நானும் பார்த்தேன். அரிசி நுனி அளவு இருந்துச்சு. இருந்துச்சு, பொய் இல்லை. ஆனா மத்த எட்டுப் பேர்கிட்ட அந்த நாக்கு இருந்துச்சா இல்லையான்னு யாரு தேடினா? நல்லா சிரிச்சவங்க பேப்பரை யாரும் திருப்பிப் பார்க்கலை. கோணினா மட்டும்தான் தேடினோம், தேடினா ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். 'நாலு'ன்னு அவர் சொன்னதும் எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு! நம்ம கை இல்லை, நோய்தான், அது அப்படிப்பட்ட நோய்னு. மூச்சு விட்டேன். அதை நினைச்சா இப்ப என்னை நானே அறையணும் போல இருக்கு. வேற வரிசைகளையும் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தேன். அஞ்சாவது, பேனாவுல நாலு, அடியில ரெண்டு. ஒன்பதாவது, அதே. மூணு பேர். மூணு பேருக்கும் முகம் போச்சு, மூணு பேரையும் ரெண்டாம் வகையில இருந்து கிளப்பி நாலாம் வகையில உட்கார வச்சிருக்கோம். அப்புறம் ரெண்டாம் வகையில பூஜ்யம் வராம வேற என்ன வரும்? பெயிலான பிள்ளைகளுக்கு எல்லாம் டி.சி. குடுத்துட்டு நூத்துக்கு நூறு ரிசல்ட்டுன்னு போர்டு வைக்கிற பள்ளிக்கூடம் மாதிரி. உண்மைக் கணக்கு எட்டுல பூஜ்யம் இல்லை. பதினொண்ணுல மூணு.

அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு, அது இப்பத்தான் உறைக்குது. ராஜகனி கையெழுத்துப் போடும்போது அவகிட்ட நான் என்ன சொன்னேன்? 'நாலு பேருக்குப் பண்ணியிருக்கோம், பூஜ்யம்'னேன். அஞ்சாவது ஆளையும் ஒன்பதாவது ஆளையும் அப்பவே கிளப்பியாச்சே. அவ அந்தப் பூஜ்யத்தை நம்பிப் படுத்தா, முகம் போச்சு, அவளையும் கிளப்பினோம், பூஜ்யம் அப்படியே சுத்தமா இருந்துச்சு, இன்னைக்குப் பலவேசம் வந்து நிக்கிறார். தானே தன்னைக் கழுவிக்கிற பூஜ்யம். அவ ரெண்டு தடவை திரும்ப வந்தா. கடையில முன்னால நிக்க விடலை, குடோனுக்கு மாத்திட்டாங்கன்னா, கர்ச்சீப்பை வச்சு வாயோரத்தைத் துடைச்சுக்கிட்டே. 'எனக்கு மட்டும் ஏன் மேடம் இப்படி ஆச்சு?'ன்னு கேட்டா. நான் என்ன சொன்னேன்? 'உன் நோய் வேற வகைம்மா, நாலாம் வகை.' சொன்னேன், நல்லாத்தான் சொன்னேன், தோள்ல கையெல்லாம் வச்சு. அவளும் தலையை ஆட்டினா. அவ உடம்புதான் குத்தம்னு நம்பி பஸ் ஏறிப் போனா. நான் அந்த வாரம் மாநாட்டுக்குப் போய் அட்டவணையைப் படிச்சு ஷீல்டு வாங்கிட்டு வந்தேன். அந்தா இருக்கு அலமாரியில, அதுமேல புஷ்பம் சிஸ்டர் பஞ்சு டப்பாவை வச்சிருக்காங்க. சார்கிட்ட இதைச் சொன்னா? 'உள்ளே பார்த்ததைத்தானேம்மா எழுதினோம், இதுல என்ன தப்பு?'ம்பார், அவர் திருடர் இல்லை, நானும் இல்லை, அதுதான் எரிச்சலா இருக்கு. திருடியிருந்தா திருடினேன்னு அழுதுட்டுப் போயிரலாம். ஆனா ஆபரேஷனுக்கு முன்னால பலவேசத்துக்கு என்ன இருக்கு? இந்தப் படம் மட்டும்தான். உள்ளே பார்க்கப் போறது நாங்க. முடிவு பண்ண வேண்டியது அவர். பார்த்ததுக்கு அப்புறம் தெரிஞ்சதை வச்சு முன்கூட்டிச் சொல்ற பஞ்சாங்கம் எந்த ஊர்ல இருக்கு? சொல்லாம விட்டா என்னன்னும் ஒரு குரல் வருது, ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி வருது. பதினொண்ணுல மூணுன்னு கேட்டா பயந்து ஓடிருவார், ஓடினா மூளைக்குப் போகும், செத்துப்போவார், உன் மனசாட்சிக்காக ஒரு ஆளைக் கொல்லப் போறியான்னு கேக்குது. பூஜ்யம்னு சொன்னா படுப்பார், எட்டுப் பேர் மாதிரி நல்லா எழுந்திருக்கவும் செய்யலாம். ஆமா, எழுந்திருக்கலாம். ராஜகனியும் எழுந்திருக்கலாம்னுதான் படுத்தா. போதும். மணி ஒண்ணு இருபது. எழுந்திரு.

கதவைத் திறந்ததும் ரெண்டு பேரும் எழுந்தாங்க. முப்பிடாதி முறுக்குப் பொட்டலத்தை முந்தானைக்குள்ள மறைச்சா. உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சு, சுத்தி வளைக்காமச் சொன்னேன். போன வாரம் உங்ககிட்ட சொன்ன கணக்கு தப்பு. உங்க படம் மாதிரிப் படத்தோட வந்தவங்க பதினோரு பேர், அதுல மூணு பேருக்கு முகம் கோணிப்போச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் அவங்களை வேற வகையில சேர்த்துட்டோம், அதனாலதான் பூஜ்யம்னு வந்துச்சு. சேர்த்து எழுதினது என் கை.

பலவேசம் நல்ல காதை என் பக்கம் திருப்பி வச்சுக் கேட்டார். நான் அவர் எழுந்து போயிருவார்னு பயந்து நாற்காலி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

'பதினொண்ணுல மூணு'ன்னார். 'அப்பம் சரி. ஒரு வாரமா எனக்கு ஒறக்கம் இல்ல டாக்டர். பதினாறு வருசமா வண்டியில இருக்கேன். என் வண்டி பிரேக் டவுனே ஆகாதுன்னு ஒரு டிரைவர் சொன்னாம்னா அந்தாளு கூட நான் ட்ரிப்பு போக மாட்டேன். பூஜ்யம்னாரே பெரிய டாக்டரு, எதையோ மறைக்காகன்னு இவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். மூணுன்னா மூணு. நமக்கு எதுன்னு பாப்போம். குடுங்க பேனாவ.'

இவ்வளவுதானா, இவ்வளவு லேசா முடிஞ்சுருமான்னு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நல்லாக்கூட இருந்துச்சு. பேனாவை நீட்டினேன். நடுவுல முப்பிடாதி கையை வச்சா.

'இருங்க. அந்த மூணு பேரு யாரு டாக்டர்?'

ரெண்டு பேர் வயசானவங்க, தவறிட்டாங்க, வேற சீக்குல. ஒரு பொண்ணு இருக்கு, சுரண்டையில. பேரைச் சொல்லலை.

'கல்யாணம் ஆயிட்டா அதுக்கு?'

'தெரியலை. ரெண்டு வருஷமா வரலை.'

'அந்தப் பிள்ளைட்ட எத்தன பேருக்குக் கோணுச்சுன்னு சொல்லிப் படுக்க வச்சீங்க?'

'பூஜ்யம்னு.'

'பெறவு? கோணுனதுக்குப் பெறவு என்ன சொன்னீங்க?'

சொன்னேன். உன் நோய் வேற வகைன்னு சொன்னதைச் சொன்னேன். வாய்ல இருந்து வரும்போது அது இவ்வளவு அசிங்கமா இருக்கும்னு நான் எதிர்பார்க்கலை. மேலே ஃபேன் கடகடன்னு சுத்துச்சு. அந்த அம்மா கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். கோபப்படலை. படிவத்தை எடுத்து, புருஷன் பக்கம் இருந்ததைத் திருப்பி என் பக்கமா தள்ளி வச்சா.

'எங்களுக்குச் சொல்லிட்டீங்க. அவ கண்ணாடி முன்னால நிக்கும்போதெல்லாம் தன் ஒடம்பத் திட்டிக்கிட்டு நிப்பாளே, அவளுக்கு யாரு சொல்லுவா? மொதல்ல அங்க போய்ச் சொல்லுங்க டாக்டர். புதங்கிழமை வாரோம். நீங்க சொல்லிட்டேன்னு சொல்லுங்க, இவுக கையெழுத்துப் போடுவாக, வியாழக்கிழமை நீங்களே கத்தியப் பிடிங்க. ஒரு மூஞ்சிக்குப் பதில் சொல்லாத கை எங்க வீட்டு மூஞ்சியத் தொட வேண்டாம்.'

'ஏட்டி, டாக்டர்ட்ட இப்படியா பேசுவாக?'ன்னார் பலவேசம். ஆனா பேனாவை எடுக்கலை. நான் சரின்னேன். ராஜகனி என்ன செய்வா? கதவைச் சாத்துவா, காறித் துப்புவா, கேஸ் போடுவா. இல்லை ஒண்ணும் செய்யாம அந்தப் பாதிச் சிரிப்பைச் சிரிப்பா, அதுதான் எனக்குப் பயம். அவ வீடு எங்கன்னு கேஸ் ஷீட்ல இருக்கு. இன்னைக்குப் போகலைன்னா நாளைக்கு சார் கூப்பிடுவார், நாளன்னைக்கு ஓ.பி. அதிகமா இருக்கும், நான் என்னை நல்லா அறிவேன். டிபன் பாக்ஸைப் பையில போட்டேன்.

'இப்பமே போறீங்களா?'ன்னார் பலவேசம். கை தானா வாட்ச்சைத் திருப்பிப் பார்த்துச்சு. 'சுரண்டைக்கு ரெண்டேகாலுக்கு ஒரு வண்டி இருக்கு. அடுத்தது நாலு மணிக்குத்தான், அதுல பள்ளிக்கூடப் பிள்ளைக ஏறிரும். ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிக்காதீங்க, நிறுத்த மாட்டான். ஸ்டாண்டுக்கே போயிருங்க, உக்கார எடம் கெடைக்கும்.'